பட்டாம்பூச்சி நோட்டைப் பரணில் போட மாட்டேன்

கண்ணு,

போன வியாழக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். நீ ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு அவசரமாகப் பேசினாய், எனக்கும் சட்டென்று வாய் வரவில்லை. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் பழகிவிட்டேன், எழுதினால்தான் எனக்கு எதுவும் நேராக வருகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. படித்த பிறகு நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடமும் காட்டலாம். வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உள்ளே இருக்கிறது, அதையும் நானே எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னது இதுதான். வருகிற வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரணியிலிருந்து பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள். "ஹால் அலமாரியில வெச்சிருக்கியே அந்த நோட்டெல்லாம், எடுத்து பரண்ல போட்டுடும்மா. அன்னிக்கு ஒரு நாளாவது அங்க போவாத. யாருனா கேட்டா கிரிவலம் போறேன்னு சொல்லிடு. அதுவும் மலைதானே?" அதுவும் மலைதான். நம் ஊரில் மலையைச் சுற்றுகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி கேட்க ஆள் கிடையாது. பொய் சொல்ல இதைவிட வசதியான ஊர் எங்கே இருக்கிறது? ஆனால் நான் சொல்ல மாட்டேன். நோட்டும் பரணுக்குப் போகாது.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, அப்போது உனக்கு ஒன்பது வயது. நம் ஊர் தனி மாவட்டமான வருஷம். வேலூரில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த உன் அப்பாவை இங்கே மாற்றினார்கள், எனக்கும் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று வட்டமாக நாலு படம் வரைந்தேன். கடைசி பெஞ்சில் செல்வி என்று ஒரு பெண், பக்கத்து கிராமத்து விவசாயி மகள், எழுந்து நின்றாள். "இது எந்தச் செடியில இருக்கிற புழு டீச்சர்?" என்றாள். "ஏதோ ஒரு செடி, உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. "எருக்கஞ்செடியில இருக்கிறது வேற, கறிவேப்பிலையில இருக்கிறது வேற டீச்சர். ரெண்டும் ஒண்ணா போட்டிருக்கீங்க" என்றாள். புழு ஒன்றும் பூச்சி வேறொன்றுமாக, பதினைந்து வருஷமாக அதே நாலு படத்தைத்தான் நான் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு பிள்ளைகூட அதுவரை கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி மலைப்பக்கம் பிரிகிற மண்பாதையில் நின்றேன். அன்றிலிருந்து நிற்கிறேன்.

வழிமுறை ஒன்றும் பெரிதில்லை. பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கல்வெர்ட், ஓடைத் தண்ணீர் போகிற சின்னப் பாலம். அங்கிருந்து இலுப்பை மரம் வரைக்கும் நடந்து, திரும்பி வர ஒரு மணி நேரம். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை. வலப்பக்கம் ஐந்து முழம், இடப்பக்கம் ஐந்து முழம், அதற்குள் பறக்கிற பட்டாம்பூச்சியை மட்டும் எண்ண வேண்டும். அதற்கு அப்பால் எவ்வளவு அழகாகப் பறந்தாலும் அது என் கணக்கு அல்ல. ஆடிப் பதினெட்டு தாண்டியதும் தொடங்கி, புரட்டாசி பிறக்கும் வரை ஒவ்வொரு ஞாயிறும். கோடை முடிந்தது என்று காலண்டர் சொல்லும், நம் ஊர்ப் பாறைக்கு அது தெரியாது. ஆவணியிலும் பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலம் ஒரு இடிமழை பெய்து, மறுநாள் காலையில் தும்பையும் நாயுருவியும் பூத்து நிற்கும். அந்த நாட்களில்தான் பூச்சிகள் மேற்கே பார்த்துப் போகும். காய்ந்த கிலுகிலுப்பைச் செடி ஒன்றில் நீலக்கோடு போட்ட பூச்சிகள் முப்பது நாற்பது தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சருகு. பக்கத்தில் போனால் சருகெல்லாம் எழுந்து பறக்கும். தமிழில் பெயர் போட்ட புத்தகம் எதுவும் அப்போது என் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் எந்த இலையில் முட்டை வைக்கிறதோ அந்தப் பெயரை நானும் செல்வியும் வைத்தோம். எருக்கம்பூச்சி, கறிவேப்பிலைப் பூச்சி, ஆவாரை மஞ்சள். ஒன்றுக்கு மட்டும் உடம்பைப் பார்த்துப் பெயர் வைத்தோம், சிவப்பு வயிறு. கறுப்பு இறக்கை, உடம்பு மட்டும் குங்குமச் சிவப்பு. ஆடுதின்னாப்பாளை என்று தரையோடு படர்கிற ஒரு கசப்புக் கொடியில்தான் அது முட்டை வைக்கும். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்.

இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. அதை விளக்க எனக்குத் தெரிந்த உதாரணம் வருகைப் பதிவேடுதான். பள்ளிக்கூடம் நடக்கிறது, பிள்ளை வரவில்லை என்றால் ஆப்சென்ட் போடலாம். பள்ளிக்கூடமே நடக்காத நாளில் பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டால் அது பொய், அந்தக் கட்டத்தில் சிவப்புக் கோடு இழுத்து விடுமுறை என்று எழுத வேண்டும். அது மாதிரி, நான் போய்ப் பார்த்து ஒன்றுமே பறக்கவில்லை என்றால் "இல்லை" என்று எழுதலாம். அதுவும் ஒரு சேதி. நான் போகாத நாளுக்கு "போகவில்லை" என்றுதான் எழுத வேண்டும். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் யார் வேண்டுமானாலும் பட்டாம்பூச்சி எண்ணலாம், படிப்பு வேண்டாம். குழப்பினால் எத்தனை பட்டம் வாங்கியும் பிரயோஜனம் இல்லை. நான் குழப்பினேன். வேண்டுமென்றே.

இரண்டு வருஷம் போனேன், மூன்றாவது வருஷம் உன் அப்பா நிறுத்தச் சொன்னார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, உனக்குத் தெரியும். யாரோ நான் எருக்கஞ்செடி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எருக்கு என்றால் மந்திரம் மாயம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே. இன்னொருத்தர் அதை நகைச்சுவை ஆக்கிவிட்டார். "ஊரே மலைய வலம் வருது சார், உங்க வீட்டம்மா எருக்கஞ்செடிய வலம் வர்றாங்களாமே. நேர்த்திக்கடனா?" அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "பேச்சு ஜாஸ்தியாயிடுச்சு. போதும், வுட்டுடு" என்றார். "என்னங்க, ஒரு மணி நேரந்தானே" என்றேன். "ஒரு மணி நேரத்துல மானம் போவுதே" என்றார். நான் விட்டுவிட்டேன். சண்டைகூடப் போடவில்லை. பள்ளியில் ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள், வீட்டில் ஒரு வார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டேன். அந்த வருஷமும் போகவில்லை, அடுத்த வருஷமும் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் செல்வி பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "டீச்சர், நோட்டு எங்க? நான் பாக்கணும்" என்றாள். காட்டுவதற்கு முகம் இல்லாமல், அந்த ஆவணியில் யாரையும் கேட்காமல் கிளம்பிவிட்டேன். உன் அப்பா பேப்பரை மட்டும் சத்தமாக மடித்தார்.

இப்போது வெட்கப்பட வேண்டிய இடம். உனக்குப் பதின்மூன்று வயது. ஒரு கல்லூரி விலங்கியல் பேராசிரியர், எங்கள் பள்ளி டீச்சர் ஒருத்தி மூலமாகக் கேள்விப்பட்டு, என் நோட்டைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நடுவில் இரண்டு வருஷம் வெறும் தாள். என்ன சொல்வது? வீட்டுக்காரர் விடவில்லை என்றா? ஒரு சாயங்காலம் நீ எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். நான் அந்த இரண்டு வருஷத்துப் பக்கங்களையும் நிரப்ப ஆரம்பித்தேன். முன் வருஷத்து எண்ணிக்கையைப் பார்த்து, அங்கே ஒன்று கூட்டி, இங்கே ஒன்று குறைத்து. ஒரே மையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று, "கண்ணு, உன் பேனாவக் குடு" என்று வாங்கினேன். நீ கொடுத்தாய். கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாய். "அம்மா, இந்த ஞாயித்துக்கெழம நாம போளூர்ல சித்தி கல்யாணத்துல இருந்தோமே? நீ எப்பிடி எண்ணுன?" என்றாய். "உன் பாடத்தப் பாரு" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பேராசிரியர் வந்தார், மோர் குடித்தார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டார். "ஒரு வருஷம்கூட விடாம எழுதியிருக்கீங்க, எங்க பசங்ககிட்ட இந்தப் பொறுமை கம்மி" என்றார். நான் சிரித்தேன். நீ கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கு வட்டி மாதிரி ஒன்று பின்னால் வந்தது. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது இயற்பியல் ரெக்கார்டு. ஊசலை ஆட்டிப் பார்க்காமல், விடையிலிருந்து பின்னால் போய் அளவுகளை எழுதி வைத்திருந்தாய். நான் கண்டுபிடித்துத் திட்டினேன். நீ நிதானமாகக் கேட்டாய், "நீ மட்டும் எழுதல?" என்று. நான் உன்னை அறைந்தேன். உன்னை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். நீ பொய் எழுதியதற்காக அறைந்ததாக இத்தனை நாள் நீ நினைத்திருந்தால், இல்லை. நீ உண்மையைச் சொன்னதற்காக அறைந்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். பதினொரு வருஷம் தாமதம், டீச்சருக்கு அழகில்லை.

அந்தப் பொய் யாரையும் கடிக்காமல் நோட்டுக்குள் தூங்கியிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். நான் ரிட்டயரான வருஷம், மலைமேல் மரம் நடுகிற பிள்ளைகள் சிலர் பாதையில் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். கையெல்லாம் மண், வாயெல்லாம் கேள்வி. அதில் ஒரு பெண் கேட்டாள், "டீச்சரம்மா, ஆரம்பத்துல சிவப்பு வயிறு நெறைய இருந்துச்சுன்னீங்களே, அது எப்ப நின்னுச்சு?" நல்ல கேள்வி. ஏனென்றால் நான் திரும்பப் போனபோது சிவப்பு வயிறு ஒன்றுகூட இல்லை, போகாத அந்த இரண்டு வருஷத்தில் இரண்டு காரியம் நடந்திருந்தது. முதல் வருஷக் கோடையில் மலைச் சரிவில் புல் பற்றிக்கொண்டு பாதை வரைக்கும் எரிந்தது. இரண்டாம் வருஷம் பாதையோரம் ஆடுதின்னாப்பாளை படர்ந்திருந்த நிலத்தை மட்டம் தட்டி, வாடகை ரூம் கட்ட மனைக்கல் நட்டார்கள். தீயினால் போயிருந்தால் அந்தக் கொடியைத் திரும்ப நட்டுத் தீயைத் தடுத்தால் போதும். மனையினால் போயிருந்தால் இந்த இடத்தில் நட்டுப் புண்ணியமில்லை, வேறு இடம் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். இந்த ஊரில் அதைச் சொல்லக்கூடிய ஒரே காகிதம் என் நோட்டு. திறந்தேன். முதல் வருஷம் சிவப்பு வயிறு ஆறு. இரண்டாம் வருஷம் நாலு. உன் பேனா மை. தீயும் ஒன்றும் செய்யவில்லை, மனையும் ஒன்றும் செய்யவில்லை என்று என் கையெழுத்து அழகாகச் சொன்னது. நோட்டை மூடினேன். "தெரியலம்மா. அந்த ரெண்டு வருஷம் நான் போகல" என்றேன். "எழுதியிருக்குதே?" என்றாள். "பொய்யா எழுதியிருக்கேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை உன்னுடைய அந்தப் பழைய பார்வை. பிறகு, "சரி, ரெண்டு எடத்துலயும் நட்டுப் பாப்போம்" என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அந்த இரண்டு வருஷத்துப் பக்கங்களிலும் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டேன். "போகவில்லை. எண்ணிக்கை நானே இட்டுக்கட்டியது" என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேராசிரியருக்கும் ஒரு கார்டு எழுதினேன். பதில் வரவில்லை. அவர் இருக்கிறாரோ இல்லையோ, முகவரி மாறிவிட்டதோ என்னவோ. பரணில் போடச் சொன்னாயே, அந்தச் சிவப்புக் கோடு போட்ட நோட்டும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. பெண் வீட்டார் எடுத்துப் புரட்டினால் அந்தப் பக்கங்களையும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

உன் அப்பாவைக் குறை சொல்லிவிட்டு அதோடு நிறுத்தினால் நியாயமில்லை. கடைசி வருஷம் கட்டிலோடு இருந்தாரே, அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், "இன்னிக்கு எத்தன?" என்று கேட்டார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். "பதினொண்ணு" என்றேன். "கம்மிதான்" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கேட்டார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி நீ கோபப்படப்போகிற விஷயம். முந்தாநாள் நானே அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர்கள் ஒன்பது மணிக்கு வந்தால் நான் பாதையில் இருப்பேன், வாசலில் ஆள் இருக்க மாட்டார்கள், அது மரியாதை இல்லையே. "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு வாங்கம்மா. காலைல எனக்கு மலையாண்ட ஒரு வேலை இருக்குது" என்றேன். "கோயிலுக்குங்களா?" என்றார். நீ எனக்குக் கொடுத்த பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. "இல்லீங்க, பட்டாம்பூச்சி எண்ணப் போவேன்" என்றேன். "எதுக்குங்க?" என்றார். "எத்தன இருக்குது, எத்தன போச்சுன்னு தெரியறதுக்கு. இது பத்தொம்பதாவது வருஷம். நடுவுல ரெண்டு வருஷம் போகல" என்றேன். "தனியாவா போறீங்க?" "தனியாத்தாங்க." அப்புறம், "சரிங்க, அவர்கிட்ட சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அந்தச் "சரிங்க"வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. வரலாம், வராமலும் போகலாம். உன் கல்யாணத்தை ஒரு பூச்சிக்காகப் பணயம் வைத்துவிட்டாய் என்று நீ கேட்கலாம். வைத்துவிட்டேன் கண்ணு. உனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். இது முறிந்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் என் மகன் வீட்டு முதல் பக்கத்தை நான் இட்டுக்கட்டி எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதியதற்கு நீ எட்டிப் பார்த்தாய். இந்தத் தடவை அவள் எட்டிப் பார்ப்பாள்.

உனக்குப் புத்தி சொல்வதென்றால் இதுதான் புத்தி. அவளிடம் உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல். போகாத இடத்துக்குப் போகவில்லை என்று சொல். ஒரு வெறும் பக்கம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், குடும்பம் அதனால் குலைந்துவிடாது. நிரப்பிய பக்கம்தான் பத்து வருஷம் கழித்து யாரோ நல்ல பிள்ளை வந்து கேள்வி கேட்கும்போது வாயை அடைக்கும். அம்மாவுக்கு வயதாகிறது, விழுந்துவிடுவாள் என்று நீ பயப்படுவதும் எனக்குத் தெரியும். என் இடது முழங்கால் எனக்கே தெரியாத சத்தமெல்லாம் போடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு அது எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லும். அன்று நானே "போகவில்லை" என்று எழுதிக் கீழே காரணமும் எழுதுவேன். அதை முழங்கால் முடிவு பண்ணட்டும். ஆபீஸ் குமாஸ்தாக்களும், ஆரணி சம்பந்தியும், நீயும் முடிவு பண்ண வேண்டாம். அந்த உரிமையை ஒரு தடவை விட்டுக்கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

நீ எப்படியும் சனிக்கிழமையே வந்துவிடுவாய். கோபமாகவே வா, பரவாயில்லை, சாப்பாடு ஒன்றுதான். ஞாயிறு காலை ஏழரைக்கு எழுப்புவேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், நாயுருவி ஒட்டும். ஒரு பேனா கொண்டு வா, உன் பேனா. இந்தத் தடவை நான் எண்ணுகிறேன், நீ எழுது. நான் சொல்கிற எண்ணை மட்டும் எழுது. இல்லை என்று சொன்னால் இல்லை என்று எழுது.

அம்மா